சிங்கப்பூர் வானத்தைச் செயற்கைக்கோள் படத்தில் படிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நம் தலைக்குமேல் நிற்கும் மேகம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இலவசமாக வெளியிடுகிறார்கள். மழை ரேடாரைத் தவறாமல் பார்ப்பவர்கள்கூடச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்ததும், வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று மூடிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. மழைத்துளி உருவான பிறகுதான் ரேடாரில் ஏதாவது தெரியும். அந்த மழைக்கான மேகம் ஜொகூரிலோ ரியாவிலோ தலைதூக்குவதைச் செயற்கைக்கோள் பல நேரம் அரைமணி முன்பே காட்டிவிடும்.

வெளிப்புற வேலை பார்ப்பவர்கள், வார இறுதியில் விளையாட்டுக்கு ஏற்பாடு செய்பவர்கள், புவியியல் படிக்கும் மாணவர்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் என எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கடைசிப் படியைத் தவிர வேறெங்கும் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் ஒரே வற்புறுத்தல் இது: வண்ணப் படங்களில் தொடங்காதீர்கள். செயற்கைக்கோள் ஒவ்வோர் அலைநீளத்திலும் தனித்தனியாக எடுக்கும் படங்களில், மேகத்தின் வெப்பத்தைக் காட்டும் 13-ஆம் அலைவரிசை என்ற ஒரே ஒரு படத்தில் தொடங்குங்கள். அதை எண்ணாக வாசிக்கக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

படி 1: நம்மைப் பார்ப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிங்கப்பூருக்கு முதல் துணை ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோளான ஹிமவாரி. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 140.7 டிகிரியில் அது நிற்கிறது. பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிலைத்திருக்கும். ஹிமவாரி-8 2014 அக்டோபரில் ஏவப்பட்டு, 2015 ஜூலை 7 அன்று பணிக்கு வந்தது. 2016 நவம்பரில் ஏவப்பட்ட ஹிமவாரி-9, 2022 டிசம்பர் 13 அன்று பொறுப்பேற்றது. இரண்டிலும் இருப்பது ஒரே வகைக் கருவி. அதனால் எந்த எண் கொண்ட கோள் படம் அனுப்பினாலும் வாசிக்கும் முறை மாறாது.

தென்கொரியாவின் கியோ-கொம்ப்சாட்-2ஏ 128.2 டிகிரியில் இருக்கிறது. 2018 டிசம்பரில் ஏவப்பட்டது, அதிலும் 16 அலைவரிசைகள். நமக்கு 12 டிகிரிக்குமேல் நெருக்கமாக நிற்பதால் சிங்கப்பூரை ஹிமவாரியைவிடச் சற்று நேராகப் பார்க்கும். ஹிமவாரிப் படத்தில் சந்தேகம் வந்தால் சரிபார்க்க அதைவிட நல்ல இரண்டாவது கண் கிடையாது.

தமிழ்நாட்டில் புயல் என்றால் இங்கே இருக்கும் நமக்கும் தூக்கம் வராது. அதற்கு ஹிமவாரி சரிப்படாது; சென்னை அதன் பார்வை வட்டத்தின் மேற்கு ஓரத்தில் சரிந்து கிடக்கும். 2016-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவற்றின் படங்களைப் பாருங்கள். அவற்றின் படக்கருவியில் 6 அலைவரிசைகள். வெப்ப அகச்சிவப்பில் ஒரு பிக்சல் 4 கி.மீ. அகலம். நுணுக்கம் குறைவுதான், ஆனால் வங்காள விரிகுடாவை நேராகப் பார்ப்பவை அவைதான்.

படி 2: கருவி எப்படிப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை நிறையப் பேர் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். படத்தை வாசிப்பதில் வரும் குழப்பங்களில் பாதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஹிமவாரியில் உள்ள ஏஹெச்ஐ என்ற படக்கருவி முழுப் பூமியையும் ஒரே நொடியில் எடுப்பதில்லை. அதற்குள் அசையும் கண்ணாடிகள் இரண்டு. ஒன்று கிழக்கு மேற்காக நகரும், மற்றது வடக்கிலிருந்து தெற்காகப் படிப்படியாக இறங்கும். இப்படி 23 பட்டைகளாகப் பூமியை வருடி முடிக்க ஏறக்குறைய 10 நிமிடம் ஆகிறது. படத்தின்மேல் பிற்பகல் 2:00 என்று போட்டிருந்தால், அது வருடல் தொடங்கிய நேரம். வட துருவப் பக்கமிருந்து இறங்கி நிலநடுக்கோட்டை எட்டுவதற்குள் ஏறக்குறைய 5 நிமிடம் போய்விடும். ஆக, 2:00 மணிப் படத்தில் சிங்கப்பூர் இருப்பது 2:05 நிலவரத்தில். அப்புறம் தரவு தரைக்கு வந்து, படமாகி, இணையத்தில் ஏறவும் நேரம் பிடிக்கும். நீங்கள் பார்ப்பது கால் மணி நேரமாவது பழையது என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி திருப்பிவிடும் ஒளி 16 அலைநீளங்களாகப் பிரிக்கப்பட்டு உணரிகளில் விழுகிறது. 1 முதல் 3 வரை கண்ணுக்குத் தெரியும் ஒளி: நீலம், பச்சை, சிவப்பு. 4 முதல் 6 வரை அண்மை அகச்சிவப்பு. 7 முதல் 16 வரை அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குச் சிலிக்கான் உணரி போதும். வெப்பத்தை உணர்வதற்குப் பாதரசம், காட்மியம், டெலூரியம் கலந்த உணரிகள் தேவை. சூடாக இருக்கும் எந்தப் பொருளும் அகச்சிவப்பை வெளியிடும் என்பதால், உணரி தானே சூடாக இருந்தால் அளவு கெட்டுவிடும். அதனால் அதை எந்நேரமும் கடுங்குளிரில் வைத்திருக்கக் கோளிலேயே ஒரு குளிர்விப்பான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கருவி இருண்ட விண்வெளியை அவ்வப்போது பார்த்துக்கொள்ளும். வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த ஒரு கறுப்பு இலக்கு கோளுக்குள்ளேயே உண்டு, அதையும் பார்க்கும். இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துத்தான் மேகத்தின் வெப்பநிலை கணக்கிடப்படுகிறது. அகச்சிவப்புப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்குப் பின்னாலும் அளந்தெடுத்த ஒரு டிகிரி கணக்கு இருக்கிறது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

தெளிவுத்திறன் பற்றியும் ஒரு வார்த்தை. கோளுக்கு நேர் கீழே சிவப்பு அலைவரிசையில் ஒரு பிக்சல் அரை கி.மீ., நீலம், பச்சை, அலைவரிசை 4 ஆகியவற்றில் 1 கி.மீ., மற்றவற்றில் 2 கி.மீ. நாம் நேர் கீழே இல்லை. சாய்வினால் அந்த 2 கி.மீ. பிக்சல் சிங்கப்பூரில் கிழக்கு மேற்காக 2.8 கி.மீ. வரை நீண்டுவிடுகிறது. துவாஸிலிருந்து சாங்கி வரை நம் தீவு ஏறக்குறைய 18 பிக்சல், தெற்கிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 13 பிக்சல். உங்கள் புளோக்கின்மேல் மழை பெய்யுமா என்று வெப்பப் படத்தைக் கேட்க முடியாது. ஜூரோங்கா தெம்பனிஸா என்று கேட்கலாம்.

படி 3: படத்தைத் திறந்து நேரத்தைச் சரிசெய்யுங்கள்

ஜப்பான் வானிலை ஆய்வு நிறுவனத்தின் இணையத்தளம், சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் செயற்கைக்கோள் பக்கம், ஜூம் எர்த் ஆகிய மூன்றும் கைப்பேசியிலேயே வேலை செய்யும். ஆனால் கற்றுக்கொள்ள நான் சொல்வது அமெரிக்காவின் சிரா ஸ்லைடர் என்ற இணையத்தளம். அதில் ஹிமவாரியைத் தேர்ந்தெடுத்தால் 16 அலைவரிசைகளும் தனித்தனியாகக் கிடைக்கும், படங்களை வரிசையாக ஓடவிட்டும் பார்க்கலாம். கணினித் திரையில் பார்ப்பது நல்லது.

நேரம் பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 8 மணி நேரத்தைக் கூட்டினால் சிங்கப்பூர் நேரம். இரவு 22:00 யுடிசி என்றால் நமக்கு மறுநாள் காலை 6:00. தேதியும் மாறிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. தினமும் 02:40, 14:40 யுடிசி நேரங்களில் முழுவட்டப் படம் வராது. நம் கணக்கில் காலை 10:40, இரவு 10:40. கோளின் பராமரிப்புக்காக ஒதுக்கிய நேரம் அது. ஓடும் படம் அந்த இடத்தில் ஒரு குதி குதித்தால் இணைய இணைப்பைச் சந்தேகப்பட வேண்டாம்.

படி 4: 13-ஆம் அலைவரிசையை எண்ணாக வாசியுங்கள்

13-ஆம் அலைவரிசை பார்ப்பது 10.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை. அதில் வளிமண்டலம் பெருமளவு ஒளிபுகவிடும். மேகம் இல்லாத இடத்தில் கருவி கடலையும் நிலத்தையும் பார்க்கும். மேகம் இருந்தால் அதன் உச்சியைப் பார்க்கும். இரவும் பகலும் ஒன்றுதான். சூடான இடம் கறுப்பாகவும் குளிர்ந்த இடம் வெள்ளையாகவும் வரும்படி படத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். வண்ணம் பூசிய வடிவமும் உண்டு. எதுவானாலும் ஓரத்தில் இருக்கும் அளவுகோலை முதலில் பாருங்கள். கெல்வினில் இருந்தால் 273-ஐக் கழியுங்கள்.

நம் பகுதிக்கு நான் மனதில் வைத்திருக்கும் அளவுகள் இவை. மேகமில்லாத கடல் 20 டிகிரிக்கு மேல் காட்டும். கடல்நீர் உண்மையில் 29 டிகிரிகூட இருக்கும், ஆனால் இங்குள்ள ஈரப்பதம் கொஞ்சம் வெப்பத்தை விழுங்கிவிடுவதால் குறைவாகத் தெரியும். 0 டிகிரி என்றால் மேக உச்சி ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில். −40 என்றால் 10 கி.மீ.க்கு மேல், அதற்குள் பனிப்படிகங்கள் நிறைந்திருக்கும், இடி மின்னலை எதிர்பார்க்கலாம். −70-க்குக் கீழே போனால் ஆழமான இடிமேகம். −80 அருகே என்றால் 16, 17 கி.மீ. உயரத்தில் வெப்பமண்டல வளிமண்டலத்தின் கூரையையே முட்டிவிட்டது. விரிந்த மேகத்தின் நடுவே சின்னதாக ஒரு புள்ளி மட்டும் சுற்றிலும் உள்ளதைவிடக் குளிர்ந்து தெரிந்தால், அந்த இடத்தில் மேலெழும் காற்று இன்னும் மிகுந்த வேகத்துடன் இருக்கிறது.

ஒரு படத்தில் தெரியும் எண்ணைவிட அது மாறும் வேகம்தான் எனக்கு முக்கியம். நண்பகலுக்குப் பிறகு ஜொகூர்மேல் ஒரு மேகத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த மூன்று படங்களைப் பாருங்கள். 0 டிகிரியிலிருந்து −25, −30 என்று சரிந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கும் இடிமேகம். −60-இலேயே அசையாமல் நின்று, ஓரங்கள் மட்டும் அகன்று மங்கினால், அது ஓய்ந்துகொண்டிருக்கும் மேகம். இரண்டாவதுதான் படத்தில் பெரிதாகவும் வெண்மையாகவும் தெரியும். புதியவர்கள் பயப்படுவதும் அதைப் பார்த்துத்தான். முதலாவதோ சின்னப் புள்ளியாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் கொட்டப்போவது அது.

இரண்டு எச்சரிக்கைகள். மெல்லிய சுருள்மேகம் கீழிருந்து வரும் வெப்பத்தையும் கொஞ்சம் கசியவிடும். அதனால் −20 என்று காட்டும் மேகம் உண்மையில் 12 கி.மீ. உயரத்தில் மெல்லிய திரையாக மிதந்துகொண்டிருக்கலாம். 13-ஆம் அலைவரிசையையும் 12.4 மைக்ரானில் உள்ள 15-ஆம் அலைவரிசையையும் ஒப்பிடுங்கள். 15-இல் அதே மேகம் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்து தெரிந்தால் மெல்லிய திரைதான்.

மற்றது வடகிழக்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரியில் தென்சீனக் கடல்மேல் குளிர்காற்று வேகம்பிடித்து வரும்போது, மேக உச்சி அவ்வளவாகக் குளிராமலே நாள்கணக்கில் மழை பெய்யும். அப்போது குளிர்ந்த புள்ளிகளைத் தேடுவதைவிட, கிழக்கே கடலில் மேகப் பரப்பு எவ்வளவு தூரத்துக்கு விரிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பருவக்காற்று நம் பகுதியில் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு வாமெய் புயல் சாட்சி. 2001 டிசம்பர் 27 அன்று, புயலே உருவாகாது என்று நினைக்கப்பட்ட இடத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை டிகிரி வடக்கே உருவாகி, தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது.

படி 5: மேகத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்துங்கள்

ஹிமவாரி நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. நம் வானத்தில் அது தொடுவானிலிருந்து 47 டிகிரி உயரத்தில்தான் தெரியும், உச்சியில் அல்ல. ஓர் உயரமான புளோக்கை எதிர்ப்பக்கம் இன்னும் உயரத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால், அதன் மொட்டைமாடி பின்னால் உள்ள கார்நிறுத்தத்தின்மேல் இருப்பதுபோலத் தெரியுமல்லவா? இங்கே நடப்பதும் அதுதான். உயரமான மேக உச்சி, படத்தில் உண்மையான இடத்துக்கு மேற்கே தள்ளித் தெரியும்.

எவ்வளவு தள்ளி? மேக உயரத்தை 0.93-ஆல் பெருக்குங்கள். 15 கி.மீ. உயர இடிமேகம் என்றால் ஏறக்குறைய 14 கி.மீ. சாங்கிமேல் நிற்கும் மேகம் படத்தில் பீஷான் பக்கம் தெரியும்! தீவே 50 கி.மீ. அகலம்தான் என்னும்போது இது சின்ன விஷயமில்லை. 2 கி.மீ. உயரத்தில் உள்ள தாழ்ந்த மேகத்துக்கு இந்தத் தள்ளல் 2 கி.மீ.கூட இல்லை, விட்டுவிடலாம். கியோ-கொம்ப்சாட்-2ஏ படத்தில் அதே 15 கி.மீ. மேகத்துக்கு 8 கி.மீ. தள்ளினால் போதும். ரேடார் படத்தில் மழை கிழக்கிலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் மேற்கிலும் இருப்பதைப் பார்த்து, ஏதோ ஒன்று தப்பு என்று பலர் நினைப்பார்கள். இரண்டும் சரி. தள்ளலைக் கணக்கில் எடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடும்.

படி 6: பகலில் 3-ஆம் அலைவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

0.64 மைக்ரான் சிவப்பு ஒளிப் படம்தான் ஹிமவாரியின் மிகக் கூர்மையான பார்வை. காலை 11 மணியளவில் ஜொகூரையும் பாத்தாமையும் பிந்தானையும் பாருங்கள். நிலத்தின்மேல் மட்டும் சின்னச் சின்ன மேகங்கள் முளைத்திருக்கும். நீரிணைகள் சுத்தமாக இருக்கும். தீவுகளின் ஓரம் மேகத்தாலேயே வரைந்ததுபோல் தெரியும். நிலம் சூடாகி, கடற்காற்று உள்ளே நுழைந்து, இரண்டு பக்கக் காற்றும் மோதும் கோட்டில்தான் பிற்பகல் மழை பிறக்கும். எந்த இடத்தில் மேகங்கள் ஒரு வரிசையாகச் சேர்கின்றன என்று இந்தப் படத்தில் பார்த்துவிட்டு, அதே இடத்தை 13-இல் கண்காணியுங்கள்.

மாலையில் ஒரு கண்கட்டு உண்டு. மார்ச், செப்டம்பர் மாதங்களில் மாலை 4 மணியை ஒட்டி, சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல் திடீரென்று பளபளவென்று வெளிறும். அது மேகமும் இல்லை, புகையும் இல்லை. மேற்கே சரியும் சூரியனின் ஒளி கடலில் பட்டு, கிழக்கே நிற்கும் ஹிமவாரியின் கண்ணுக்கு நேராகத் தெறிக்கும் நேரம் அது. 13-இல் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது.

அதே மாலைச் சாய்வு புகைமூட்டக் காலத்தில் நமக்கு உதவும். நுண்துகள்கள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கும். சூரியன் மேற்கிலும் கோள் கிழக்கிலும் இருக்கும் மாலையில், சுமத்ராவிலிருந்து வரும் புகை நண்பகலில் தெரிவதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டப்படும். காற்று எந்தப் பக்கம் புகையை இழுக்கிறது என்று பார்க்க மாலை 5 மணிப் படத்தை விடாதீர்கள்.

2013 ஜூன் 21 அன்று நம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டபோது மேலே இருந்தது ஹிமவாரி-7. அதில் மொத்தமே 5 அலைவரிசைகள். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ஒன்றே ஒன்று. அதனால் வண்ணப் படத்துக்கு வழியே இல்லை. 2015 புகைமூட்டத்தின்போது ஹிமவாரி-8 வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் சேர்ந்த இயல்பு வண்ணத்தில், சாம்பல் பழுப்பாகப் புகை நகர்வதை 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க முடிந்தது. இரண்டு ஆண்டு இடைவெளியில் இவ்வளவு பெரிய மாற்றம்.

படி 7: மற்ற அலைவரிசைகள், சுருக்கமாக

6.2, 6.9, 7.3 மைக்ரானில் உள்ள 8, 9, 10 ஆகியவை நீராவியைப் பார்ப்பவை. நம் வானம் எப்போதும் ஈரமாகவே இருப்பதால் அன்றாட மழைக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை. வறண்ட காற்று நுழைந்து பல நாள் மழையில்லாமல் போகும்போது மட்டும் திறந்து பாருங்கள், காரணம் தெரியும்.

3.9 மைக்ரானில் உள்ள 7-ஆம் அலைவரிசை தீயைக் கண்டுபிடிக்கும். பிக்சலில் மிகச் சிறு பகுதி எரிந்தாலே அந்தப் பிக்சலின் அளவு எகிறிவிடும். பகலில் சூரிய ஒளியும் இதில் கலந்துவிடும் என்பதால் இரவில் பார்ப்பது நம்பகமானது.

ஆர்ஜிபி எனப்படும் கலவைப் படங்கள் கண்ணைக் கவரும். மூன்று அலைவரிசைகளையோ அவற்றின் வித்தியாசங்களையோ சிவப்பு, பச்சை, நீலமாகப் பூசியவை அவை. எரிமலைச் சாம்பலைப் பிரித்தறிய இவை அருமையானவை. இந்தோனேசிய எரிமலைகள் இவ்வளவு அருகில் இருக்கும்போது அது நமக்குத் தேவையான ஒன்று. ஆனால் ஒவ்வொரு கலவையிலும் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பது வேறுபடும். 13-இல் கை பழகாமல் அங்கே போகாதீர்கள்.

படி 8: சுமத்ரா ஸ்குவாலை விடியுமுன் பிடியுங்கள்

கற்றதையெல்லாம் ஒரே இடத்தில் பயன்படுத்திப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி சிங்கப்பூரில் கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், அதற்கு முன்பின் உள்ள மாதங்களிலும், சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் உருவாகும் இடிமேக வரிசை கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையிலோ நம்மைத் தாக்கும். இதுதான் சுமத்ரா ஸ்குவால். காற்று பொதுவாக மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் வீசும். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் 144.4 கி.மீ. பதிவானது. மரங்கள் சாயும், தாழ்வாரத்தில் காயப்போட்ட துணி பறக்கும், வெளிப்புற வேலைத்தளங்கள் நின்றுபோகும்.

படத்தில் அதன் அடையாளம் வில்போல் வளைந்த குளிர்ந்த வரிசை. கிழக்கு ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும், மேற்குப் பக்கம் மங்கிப் பரவியிருக்கும். இந்த மாதங்களில் மேலடுக்குக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுவதால், மேக உச்சி பின்னால் இழுபடுகிறது. கண் வைக்க வேண்டியது அந்தக் கூர்மையான ஓரத்தில்தான்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதிகாலை 3:00 மணிப் படத்தில் கூர் ஓரம் பெங்காலிஸ் தீவருகே, துவாஸிலிருந்து 170 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. 4:00 மணிப் படத்தில் 125 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. இதே வேகத்தில் வந்தால் மீதி 125 கி.மீ.க்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம், 6:45-க்கு துவாஸ். ஆனால் படி 5 நினைவிருக்கட்டும். 15 கி.மீ. உயர மேகம் 14 கி.மீ. மேற்கே தள்ளித் தெரிகிறது, அதாவது அது உண்மையில் 111 கி.மீ. தூரத்திலேயே இருக்கிறது. ஆக 6:30-க்கே வந்துவிடும். படத்தில் உள்ள நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள 5 நிமிடம் இரண்டு படங்களிலும் ஒரே அளவு என்பதால் வேகக் கணக்கு கெடாது, வந்துசேரும் நேரத்தில் மட்டும் அந்த 5 நிமிடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வரிசை 100 கி.மீ.க்குள் வந்ததும் செயற்கைக்கோளை விட்டுவிட்டு வானிலை ஆய்வகத்தின் ரேடார் படத்துக்கு மாறுங்கள். பலத்த காற்று மழைக்குச் சற்று முன்னே ஓடிவரும், அதன் இடத்தை மேக உச்சியை வைத்துச் சொல்ல முடியாது. நீரிணையைக் கடக்கும்போதே கலைந்துபோகும் வரிசைகளும் உண்டு. 13-இல் குளிர்ந்த பகுதி சுருங்கி வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. வானிலை ஆய்வகம் எச்சரிக்கை விடுத்திருந்தால் உங்கள் கணக்கு என்ன சொன்னாலும் எச்சரிக்கைப்படியே நடங்கள். வேலைத்தளத்தில் மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் உடனே உள்ளே போய்விட வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஹிமவாரியில் மின்னலை உணரும் கருவி கிடையாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

படி 9: தாழப் பறப்பவற்றையும் ஒருமுறை பாருங்கள்

சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய அமெரிக்கக் கோள்கள் 800 கி.மீ. சொச்சம் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. அவற்றின் விர்ஸ் கருவியில் 22 அலைவரிசைகள், மிகக் கூர்மையானவற்றில் ஒரு பிக்சல் 375 மீட்டர். பகலில் ஒருமுறை, நம் கடிகாரத்தில் பிற்பகல் 2:30-ஐ ஒட்டி, மேலே கடக்கும், இரவிலும் அப்படியே. நாசா வேர்ல்ட்வியூ தளத்தில் தேதியைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். புகைமூட்டக் காலத்தில் சுமத்ரா, களிமந்தான் தீப்புள்ளிகளைக் காட்டுவது இத்தகைய கோள்களே. ஆசியான் சிறப்பு வானிலை நிலையம் சிங்கப்பூரிலிருந்தே அந்தப் புள்ளிகளைக் கண்காணித்து வெளியிடுகிறது. மேகம் மூடியிருந்தால் தீப்புள்ளி தெரியாது; புள்ளி குறைந்த நாளில் தீயும் குறைந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

வீட்டிலேயே ஆன்டெனா வைத்துப் படம் பிடிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல். நோவா-15, 18, 19 கோள்களின் ஒலிபரப்பை 137 மெகாஹெர்ட்ஸில் பிடிக்கும் பழைய வழிகாட்டிகள் இணையத்தில் நிறைய உள்ளன. அந்த மூன்றும் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. அந்த வானொலி அதிர்வெண்ணில் இப்போது தேட வேண்டியது ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வகைக் கோள்களை.

படி 10: விருப்பமிருந்தால் மூலத்தரவை இறக்குங்கள்

பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் சாட்பை என்ற இலவச நிரல் தொகுப்பைக்கொண்டு ஹிமவாரியின் மூலக்கோப்புகளைத் திறக்கலாம். அமேசானின் திறந்த தரவுக் கிடங்கில் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவா அவற்றைப் போட்டுவைக்கிறது. முழுவட்டப் படம் வடக்கிலிருந்து தெற்காக 10 துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். 10-ஐயும் இறக்கி வட்டை நிரப்பிக்கொள்ள வேண்டாம். நிலநடுக்கோடு 5-ஆம் துண்டுக்கும் 6-ஆம் துண்டுக்கும் நடுவே ஓடுகிறது. நாம் அதற்குச் சற்று வடக்கே இருப்பதால் 5-ஆம் துண்டின் அடிப்பகுதியில் வருவோம். கோப்பின் பெயரில் எஸ்0510 என்று இருப்பது அதுதான். 13-ஆம் அலைவரிசைக்கு பி13 என்று இருக்கும் கோப்பை எடுங்கள். ரியாவ் தீவுகளின் தென்பகுதியோ ஜம்பியோ பலெம்பாங்கோ வேண்டுமென்றால் 6-ஆம் துண்டையும் சேர்த்து இறக்கி, சாட்பையிடம் இரண்டையும் ஒன்றாகக் கொடுங்கள். ஒட்டும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.